அங்கே மாலை ஆறு, இங்கே பகல் ஒன்று

2022 செப்டம்பர் நடுவில் அத்தை பெர்லினுக்கு வந்தார். என் மனைவியின் அம்மா. வடகிழக்குத் தாய்லாந்தில், உடோன் தானி நகரத்தைத் தாண்டி நெல் விளையும் ஊர் அவருடையது. எழுபது வயதில் முதல் தடவையாக விமானம் ஏறி, 90 நாள் விசாவில் பேத்தியைப் பார்க்க வந்தவர். பெட்டியில் பாதிக்கு ஒட்டரிசியும் காய்ந்த மிளகாயும், அரிசி அவிக்கும் மூங்கில் கூடை ஒன்றும் இருந்தன.

நான் பாங்காக்கில் மூன்று வருடம் வேலை பார்த்தவன். மனைவியைச் சந்தித்தது அங்கேதான். நேரில் பேசும்போது அத்தையை அந்த ஊர் வழக்கப்படி ‘மே’ என்று கூப்பிடுவேன், அம்மா என்று அர்த்தம். ஐந்து வயது மகளுக்கு அவர் ‘யாய்’, அதாவது அம்மாவைப் பெற்றவள். சங்கத் தமிழில் யாய் என்றால் என் தாய். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா, அது வேறு விஷயம். மகள் வாயில் அந்தச் சொல் வரும்போது எனக்கு இரண்டு பக்கமும் கேட்கும்.

அத்தை வருவதற்கு முன் கோட்டு, கம்பளிச் சாக்ஸ், இரத்த அழுத்த மாத்திரை, மருத்துவக் காப்பீடு என்று எல்லாம் ஏற்பாடு செய்தோம். டிவியைப் பற்றியும் யோசித்தோம். பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம், மகள் மழலையர் பள்ளிக்கு. தனியாக இருப்பவருக்குப் பொழுது போக வேண்டுமே, நாலு நாடகம் ஓடினால் போதும் என்று கணக்குப் போட்டோம். அந்தக் கணக்குத் தப்பு என்று புரிய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்து மூன்று மாதம் ஆறு மாதம் வைத்துக்கொள்ளும் நம் குடும்பங்களுக்கும் இது உதவும் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் நினைத்தது டிஷ் ஆன்டெனா. வீட்டுக்காரர் ஒரே வரியில் முடியாது என்றார். ஜெர்மனியில் இதற்கு ஒரு சட்ட வரலாறே இருக்கிறது. 1994 பிப்ரவரியில், துருக்கியைச் சேர்ந்த ஒரு வாடகைதாரர் வழக்கில், சொந்த நாட்டுச் செய்தியை அறிந்துகொள்ள வாடகைதாரருக்கு இருக்கும் உரிமையை வீட்டுக்காரரின் சொத்துரிமையோடு சேர்த்து எடைபோட வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. ஆனால் இணையத்தில் சேனல்கள் வர ஆரம்பித்த பிறகு, அதுதான் கிடைக்கிறதே, டிஷ் எதற்கு என்று கீழ் நீதிமன்றங்கள் கேட்கத் தொடங்கிவிட்டன. சரி, டிஷ் வைக்க விட்டிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது. தாய்லாந்தின் தாய்காம் செயற்கைக்கோள்கள் நிற்கும் முக்கியமான இடம் கிழக்குத் தீர்க்கரேகை 78.5 டிகிரி. பெர்லினிலிருந்து பார்த்தால் அது கிழக்கு அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயரத்தில்தான் இருக்கும். எதிரே ஒரு நாலு மாடிக் கட்டடம் நின்றாலே போச்சு. எங்களுக்கு எதிரே அப்படி ஒன்று நிற்கிறது.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. ‘நூற்றுக்கும் மேற்பட்ட தாய்லாந்து சேனல்கள், மாதக் கட்டணம் கிடையாது’ என்று விற்ற ஒரு பெட்டியை 120 யூரோவுக்கு வாங்கினேன். முதல் பத்து நாள் அருமையாக ஓடியது. பதினோராம் நாள் சேனல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. விற்றவருக்கு எழுதினேன், ‘அப்டேட் வரும்’ என்றார். அப்புறம் பதிலே இல்லை. இத்தகைய பெட்டிகள் சேனல்களின் அனுமதி இல்லாமல் எங்கிருந்தோ எடுத்து அனுப்புபவை. அந்த மூலம் அடைபட்டால் பெட்டி வெறும் பிளாஸ்டிக். ரசீது இருக்காது, போய்க் கேட்க ஒரு அலுவலகமும் இருக்காது. பணம் போனதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறு. காலையில் எழுந்து அத்தை ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்து, அதை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். எங்களிடம் சொல்லக்கூட இல்லை.

இதே ஊரில் 1980களின் கடைசியிலிருந்து வாழும் ஒரு தாய்லாந்து அக்காவைப் பார்க்க வில்மர்ஸ்டோர்ஃபில் இருக்கும் ப்ராய்சன் பூங்காவுக்குப் போனோம். வாரக் கடைசிகளில் தாய்லாந்துப் பெண்கள் சமைத்து விற்றுப் பேர் வாங்கிய பூங்கா அது. பெர்லின்காரர்கள் ‘தாய் பார்க்’ என்றே சொல்வார்கள். அக்கா அந்தக் கால நிலையைச் சொன்னார். ஆசியக் கடைகளில் வீடியோ கேசட் வாடகைக்கு இருக்கும். ஊரில் யாரோ டிவியிலிருந்து பதிந்து அனுப்பிய நாடகம். விளம்பரமும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். ‘நாடகத்தைவிட விளம்பரத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்போம்’ என்றார். ‘என்ன சோப்பு வந்திருக்கிறது, சோடா பாட்டில் என்ன நிறத்துக்கு மாறியிருக்கிறது, எல்லாம் அதில்தானே தெரியும்.’ அப்புறம் ராணுவத்தின் 5ஆம் சேனல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ‘தாய் குளோபல் நெட்வொர்க்’ என்ற சாட்டிலைட் சேனலை நடத்தியதாம். அதைப் பிடிக்க ஒரு வீட்டில் பத்துப் பேர் கூடுவார்களாம்.

கிளம்பும்போது அவர் அத்தையிடம் கேட்டது ஒரே கேள்வி: ‘ஊரில் எந்த நேரத்துக்கு டிவி போடுவீர்கள்?’

எந்த நாடகம் பிடிக்கும், எந்த நடிகர் பிடிக்கும் என்று நாங்கள் கேட்டிருந்தோம். நேரத்தைக் கேட்கத் தோன்றவில்லை. அத்தை யோசிக்காமல் பதில் சொன்னார். காலை எட்டு மணிக்குக் கொடிப் பாட்டு. மாலை ஆறு மணிக்கு மறுபடியும் கொடிப் பாட்டு, அதோடு ஒட்டரிசியை அடுப்பில் ஏற்ற வேண்டும். அப்புறம் செய்தி. எட்டு மணிவாக்கில் அரச குடும்பச் செய்தி. அது முடிந்தால் நாடகம். மாதம் இரண்டு தடவை லாட்டரி. ஞாயிற்றுக்கிழமை குத்துச்சண்டை, அது மாமா இருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம்.

தாய்லாந்தில் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லாச் சேனல்களிலும், வானொலியிலும், பேருந்து நிலையம், பூங்கா, பள்ளி என்று பொது இடங்களிலும். நடந்துகொண்டிருப்பவர்கள் நின்றுவிடுவார்கள். பாங்காக்கில் நான் முதல் தடவை ஸ்கைட்ரெயின் நிலையத்தில் அதைப் பார்த்தபோது, படியில் ஏறிக்கொண்டிருந்த நூறு பேர் ஒரே நொடியில் அசையாமல் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. கிராமத்து வீட்டில் அதற்காக யாரும் எழுந்து நிற்பதில்லை. ஆனால் அந்தப் பாட்டுதான் கடிகாரம். ஆறு மணி ஆயிற்று, அரிசி ஏறட்டும், கோழி அடையட்டும்.

அன்று இரவே ஒரு பழைய டேப்லெட்டை எடுத்து உட்கார்ந்தேன். இந்தத் தடவை முறையாகச் செய்தேன். தாய்லாந்துச் செய்திச் சேனல்கள் பல தங்கள் நேரலையை யூடியூபிலேயே இலவசமாகத் தருகின்றன. தாய் பிபிஎஸ் என்ற பொது ஒளிபரப்பு நிறுவனம், 2008 ஜனவரியில் தொடங்கியது, தன் இணையதளத்திலேயே நேரலை தருகிறது. இவற்றுக்கு எந்தக் குறுக்கு வழியும் தேவையில்லை. நாடகங்கள் வேறு கதை. அவற்றின் உரிமையை நாடு நாடாக விற்பதால், நேரலை ஓடும்போது ‘உங்கள் நாட்டில் பார்க்க முடியாது’ என்ற பலகை வந்து நிற்கும். ஆனால் அதே நாடகம் கொஞ்ச நாளில் நெட்ஃபிளிக்ஸிலோ, அதிகாரபூர்வ யூடியூப் சேனலிலோ வந்துவிடுவது உண்டு. விளையாட்டுக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம். அந்தச் செப்டம்பரில் பெண்கள் உலகக் கைப்பந்துப் போட்டியில் தாய்லாந்து 3-2 என்று துருக்கியை வென்றது. ஆட்டம் நடந்தது பக்கத்து நாடான போலந்தில். ஆனால் தாய்லாந்துச் சேனலில் நாங்கள் அதைப் பார்க்க முடியவில்லை. மனைவியின் தம்பி உடோனிலிருந்து லைன் செயலியில் புள்ளிகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தான். அத்தை அதை வாசித்துக் கைதட்டினார்.

விபிஎன் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் காசு கட்டினேன். பாங்காக் சர்வர் வழியாக வரும் படம் தாய்லாந்தின் மாலை நேரத்தில், எல்லோரும் பார்க்கும் நேரத்தில், விட்டு விட்டு வந்தது. சில செயலிகள் விபிஎன்னைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். பல சேவைகளின் விதிகளில் அதற்கு இடமும் இல்லை. வயதானவருக்கு அது சரிப்படாது என்பது என் முடிவு. நாம் இல்லாத நேரத்தில் அது அறுந்தால் அவரால் திரும்ப இணைக்க முடியாது.

ஒன்றை மட்டும் அவர் கிளம்புவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். தாய்லாந்துச் செயலிகள் சில, கணக்குத் தொடங்க அந்த நாட்டுக் கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்புகின்றன. அத்தையின் சிம் ப்ரீபெய்டு. இங்கே வந்த பிறகு அதில் ரோமிங் திறக்கவில்லை. உடோனில் இருக்கும் மச்சான் மூன்று நாள் அலைந்து சரிசெய்தான். ஊரிலேயே ரீசார்ஜ் செய்து, ரோமிங்கைத் திறந்து, ஒரு ஓடிபி வருகிறதா என்று சோதித்த பிறகு விமானம் ஏற்றுங்கள். வங்கிக்கும் அதுதான் உதவும்.

டேப்லெட்டில் நான் செய்த ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு சேனலின் பக்கத்தையும் முகப்புத் திரையில் ஒரு பெரிய சதுரமாக வைத்தேன். அதற்குப் பெயர் போடவில்லை, எண் போட்டேன். அத்தைக்குச் சேனல்களை எண்ணால்தான் தெரியும். அதிலும் பழைய எண்ணால். 2014இல் தாய்லாந்து டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாறியபோது 3ஆம் சேனல் 33க்குப் போனது, 7ஆம் சேனல் 35க்குப் போனது. அத்தைக்கு இன்றும் அது ‘ஜெட் சீ’, ஏழு வண்ணம். 1967இல் வண்ண ஒளிபரப்போடு வந்த சேனல் என்பதால் வந்த பெயர். கிராமங்களில் கம்பத்தில் ஆன்டெனா கட்டிய காலத்தில் அங்கெல்லாம் தெளிவாகக் கிடைத்தது அதுதான் என்று அத்தை சொன்னார். அதனால் 35 என்று எழுதாமல் 7 என்றே எழுதினேன். நேரலை கிடைக்காத சேனலுக்கு அதன் அதிகாரபூர்வ யூடியூப் பக்கத்தை வைத்தேன். டேப்லெட்டிலிருந்து கேபிள் ஒன்று டிவிக்கு, சார்ஜர் எப்போதும் செருகியபடி. தானாகப் பூட்டிக்கொள்வதையும் அறிவிப்புகளையும் அணைத்தேன். நல்ல தெளிவில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ஜிபிக்கு மேல் போகும். வீட்டு வைஃபையில் பரவாயில்லை, கைபேசி டேட்டாவில் தாங்காது.

மறுநாள் சனிக்கிழமை. பகல் ஒரு மணி. அத்தை சமையலறையில் பப்பாளிக்காய் சாலட்டுக்கு மண் உரலில் பூண்டும் மிளகாயும் இடித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் டிவி ஓடியது. கீதத்தின் முதல் சுருதி கேட்டதும் உலக்கை நின்றது. உரலின் விளிம்பில் கையை வைத்தபடி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பாட்டு முடியும் வரை அப்படியே இருந்தார். முடிந்ததும் ஊறவைத்த அரிசியை மூங்கில் கூடையில் கொட்டி, ‘ஆறு மணி’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். வெளியே பட்டப்பகல். எதிர்க் கட்டடத்தில் ஒருவர் அப்போதுதான் காலைத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து அத்தை நேரம் கெட்ட நேரத்தில் சமைக்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் ஒரு நாளும் நேரம் தவறவில்லை.

அங்கேதான் இன்னொரு சிக்கல். நேரலை மட்டுமே பார்த்தால் உடம்பு ஊர் நேரத்திலேயே நின்றுவிடும். நாடகம் இங்கே மாலை மூன்றரைக்குத் தொடங்கும். அது முடிந்ததும் அத்தைக்கு ஊரில் தூங்கும் நேரம். ஆறு மணிக்குப் படுத்து, நள்ளிரவு ஒரு மணிக்கு, அதாவது அங்கே காலை ஆறு மணிச் செய்திக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். பேத்தி விழித்திருக்கும் நேரத்தில் அவர் தூங்கினார். பார்க்க வந்தவளையே பார்க்க முடியவில்லை. மனைவி உட்கார்ந்து பேசினாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம்: பகல் ஒரு மணிக் கீதமும் அதற்குப் பின் வரும் செய்தியும் நேரலை. நாடகம் மாலை ஏழு மணிக்கு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பதிவில். நடுராத்திரிச் செய்தி கிடையாது. நாலைந்து நாளில் தூக்கம் சரியானது. யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரு வேளையை நேரலைக்கு விடுங்கள், அது எந்த வேளை என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். மற்றதை இந்த ஊர் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மாலை ஏழு மணி நாடகத்தால் எனக்குக் கிடைத்த லாபம் மொழி. பாங்காக்கில் அலுவலகத்தில் ஆங்கிலம், கடையில் அரைகுறைத் தாய்லாந்து மொழி என்று ஓட்டியவன். இப்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது சொற்கள் ஒவ்வொன்றாக நம் வீட்டுச் சொற்களாகத் தெரிய ஆரம்பித்தன. டிவிக்கு அவர்கள் சொல் ‘தோரத்தத்’. எழுதும்போது அது தூர தர்சனம்தான். நாம் சிறு வயதில் பார்த்த தூர்தர்ஷனும் அதுவும் ஒரே சொல். தொலைபேசி ‘தோரசப்’, தூர சப்தம். பிரதமர் ‘நாயோக் ரத்தமோன்த்ரி’, நாயக ராஷ்டிர மந்திரி. வானிலை அறிக்கை ‘பயாகோன் அகாத்’. அகாத் ஆகாசம், பயாகோன் வியாகரணம். நாம் இலக்கணம் என்று வைத்துக்கொண்ட சொல்லை அவர்கள் முன்கூட்டிச் சொல்வது என்ற பொருளில் வைத்துக்கொண்டார்கள். நாயகன் ‘ப்ர ஏக்’, நாயகி ‘நாங் ஏக்’. அந்த ஏக், ஏகம்தான். 2018இல், பழைய தலைநகரான அயுத்தயாவின் காலத்தை வைத்து 3ஆம் சேனலில் வந்த ‘புப்பே சன்னிவாத்’ நாடகத்தை அத்தைக்காகத் தேடி மறுபடி போட்டோம். அது ஓடிய காலத்தில் ஜனங்கள் பழங்கால உடை உடுத்தி அயுத்தயா கோயில்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். தலைப்புக்குப் பொருள் பூர்வ சந்நிவாசம், போன பிறவியில் சேர்ந்து வாழ்ந்தது. அதை நான் அத்தைக்குச் சொன்னபோது, ‘உங்கள் ஊரிலும் இந்தச் சொல் இருக்கிறதா!’ என்று மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரு கூச்சம் அன்றைக்குத்தான் போனது.

தாய்லாந்து நாடகம் பார்த்து மொழி கற்க நினைப்பவர்களுக்குச் சொல்வேன்: சப்டைட்டிலில் ஒரு தடவை, சப்டைட்டில் இல்லாமல் ஒரு தடவை என்று பாருங்கள். அதைவிட முக்கியம், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். கூச்சல் போட்டுச் சண்டையிடும் காட்சியில் வரும் ‘நீ’யும் மாமியாரிடம் சொல்லும் ‘நீங்கள்’உம் வேறு வேறு. தனியாகப் பார்த்தால் எது எங்கே செல்லும் என்று தெரியாது.

பிள்ளைகள் விஷயத்தில் கவனம் வேண்டும். நிகழ்ச்சிகளுக்கு வயது வாரியாகக் குறியீடு உண்டு. 13, 18 என்ற எண்ணைத் திரையில் காட்டுவார்கள். சிகரெட்டையும் மது பாட்டிலையும் மங்கலாக்கிவிடுவார்கள். ஆனால் கன்னத்தில் அறைவதை யாரும் மங்கலாக்குவதில்லை. அறைந்துவிட்டு முத்தமிடும் நாயகர்கள் அந்த நாடகங்களில் நிறைய. ஒரு நாள் மகள் பொம்மையை அப்படி அறைவதைப் பார்த்தேன். அன்றிலிருந்து நாடகம் அவள் படுத்த பிறகுதான். அவளுக்காகத் தாய் பிபிஎஸ் தரும் சிறுவர் நிகழ்ச்சிகளைத் தேடி எடுத்தோம். அதில் ஒரு பெண்மணி ஆற்று மீனைச் சுடுவதைப் பார்த்து, யாயிடம் போய் ‘இது என்ன, அது என்ன’ என்று கேட்டாள். ஐந்து வருடம் ஜெர்மன் மொழியிலேயே பதில் சொன்ன குழந்தை அம்மா மொழியில் கேள்வி கேட்டது அப்போதுதான்.

அத்தை நாடகத்தில் கவனித்த ஒன்றை நான் பல வருடமாகப் பார்த்தும் கவனித்ததில்லை. பணக்கார வீடு வரும் நாடகங்களில் வேலைக்காரப் பெண் பெரும்பாலும் ஈசான் பேச்சில், அதாவது அத்தையின் வடகிழக்குப் பேச்சில் பேசுவாள். சிரிக்க வைப்பதும் அவள்தான். அத்தை ஒரு நாள் கேட்டார், ‘இவள் நம்மைப் போலவே பேசுகிறாள். எப்போதும் இவளே ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்?’ மனைவி பதில் சொல்லவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பேச்சைப் படங்களில் சிரிப்புக்கும் அரிவாளுக்கும் மட்டுமே வைத்திருந்த காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. டிவி ஊரைக் கொண்டுவரும்போது இதையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறது. கூட உட்கார்ந்து பேசுவதைத் தவிர நான் வேறு வழி அறியேன்.

செப்டம்பர் கடைசியில் நோரு புயல் வியட்நாமைக் கடந்து ஈசான் பக்கம் வலுவிழந்து வந்தது. உபோன் நகரத்தில் வெள்ளம். அத்தை வானிலை வரைபடத்தின் முன்னால் போய் நின்று, உடோன் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, மேகம் எங்கே நகர்கிறது என்று பார்ப்பார். உடனே மச்சானுக்குப் போன்: வாய்க்கால் மடையைத் திற, வடக்கு வயலில் தண்ணீர் நிற்கும். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவர் தன் வயலை நடத்திக்கொண்டிருந்தார். இதற்கு நாடகப் பதிவுகள் எதற்கு உதவும்?

அக்டோபர் 6. அன்று காலை நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். ஒன்பது மணிவாக்கில் கூடத்திலிருந்து அத்தை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. நோங் புவா லம்பூ மாகாணத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் முன்னாள் காவலர் ஒருவர் நடத்திய தாக்குதல். இறந்தவர்கள் முப்பதுக்கும் மேல், பெரும்பாலும் பிஞ்சுகள், மதியம் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அந்த மாகாணம் 1993 வரை உடோன் தானியோடுதான் இருந்தது. அத்தைக்கு அது பக்கத்து ஊர். அந்தச் சிற்றூரின் பெயர் உத்தாய் சவன். உதய சொர்க்கம். சொல்லின் பொருள் புரிகிறது என்பதற்காக நான் வருந்திய ஒரே நாள் அது.

அன்றைக்கு முழுக்கச் சேனல்கள் வேறெதையும் காட்டவில்லை. அத்தை நாற்காலியை விட்டு எழவில்லை. சாப்பிடவில்லை. மத்தியானம் நான் டிவியை அணைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். ‘ஊரில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் தெரியாமல் இருக்கவா?’ என்றார். அணைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரவு ஜெர்மன் செய்தியில் இது சில வாக்கியங்களில் வந்து போனது. தாய்லாந்துச் சேனலில் இரத்த தானம் கேட்கும் அறிவிப்பு ஓடியது, உறவினர்கள் கூடியிருந்த கூடாரத்தைக் காட்டினார்கள், அங்கே அழுதவர்கள் பேசியது அத்தையின் பேச்சு. அவருக்குத் தேவைப்பட்டது அந்தக் குரல்கள்.

ஆனால் இரண்டாம் நாளும் அதே படங்கள் திரும்பத் திரும்ப ஓடியபோது மனைவி கண்டிப்பாக ஒரு வரம்பு வைத்தாள். பகல் செய்தி ஒரு தடவை, மாலை ஒரு தடவை. நடுவில் அத்தை வேண்டியவர்களுக்குப் போன் செய்யலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். மூன்றாம் நாள் அவரைப் புத்த கோயிலுக்கு அழைத்துப் போனோம். ஈசான்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். எல்லோரும் அதே சேனல்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், தனித்தனி வீட்டில், தனித்தனி நாற்காலியில். வெளிநாட்டில் ஊர்ச் செய்தி பார்ப்பவர்களுக்கு இது நேரும். ஊரில் என்றால் துக்கச் செய்தி கேட்டதும் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விடலாம். இங்கே திரை மட்டும் இருக்கிறது, வாசல் இல்லை. அப்படிப்பட்ட நாளில் பெரியவர்களைத் தனியாக டிவி முன் விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். லீவு போட முடிந்தால் போடுங்கள்.

அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். தாய்லாந்தில் அந்த வழக்கம் இல்லை. எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பகல் ஒரு மணிக்கு அத்தை அரிசியை ஊறவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார், கீதம் வரவில்லை. அது பன்னிரண்டுக்கே முடிந்திருந்தது. ‘ஜெர்மனியில் நேரத்தைக்கூட மாற்றுவார்களா?’ என்று கேட்டார். அன்றைக்கு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினோம்: கோடையில் ஐந்து மணி நேரம், குளிர்காலத்தில் ஆறு மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும் நாட்கள். அத்தை அதன் கீழே தன் கையால் லாட்டரித் தேதிகளையும் சேர்த்தார். மாதத்தில் 1, 16. ஜனவரியில் ஆசிரியர் தினத்துக்காக 17, மே மாதத்தில் தொழிலாளர் தினத்துக்காக 2. ஊரில் மச்சான் 80 பாட் கொடுத்து அவருக்காக ஒரு சீட்டு வாங்கிப் படம் பிடித்து அனுப்புவான். காலை எட்டரைக்கு இங்கே குலுக்கல் தொடங்கும். மகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். ஒரு காலில் காலணியோடு நின்று, யாயோடு சேர்ந்து உருண்டு வரும் எண்களைத் தாய்லாந்து மொழியில் கத்துவாள். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை அவள் கற்றுக்கொண்டது அப்படித்தான். பரிசு ஒன்றும் விழவில்லை.

டிசம்பர் நடுவில் அத்தை திரும்பிப் போனார். மூங்கில் கூடையை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

டேப்லெட் இன்னும் அதே இடத்தில் செருகியபடி இருக்கிறது. பன்னிரண்டு வருடமாகத் தாய்லாந்து டிவி பக்கமே போகாத என் மனைவி இப்போது ஞாயிறு பகலில் தானே போய் 7ஐத் தொடுகிறாள். அதே நேரத்தில் அத்தைக்கு லைனில் வீடியோ அழைப்பு. குளிர்காலம் என்றால் பன்னிரண்டு மணி. அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும், அத்தையின் முகத்துக்குப் பின்னால் டிவி வெளிச்சம் மினுங்கும். கீதம் முதலில் போனில் கேட்கும். இணையத்தில் சுற்றி வருவதால் எங்கள் கூடத்து டிவியில் அது கொஞ்சம் பிந்தித்தான் வரும். போனில் முதல் சுருதி கேட்டதும் மகள் விரல்விட்டு எண்ணத் தொடங்குவாள், தாய்லாந்து மொழியில். போன வாரம் முப்பத்து நான்கு வரை எண்ணினாள், அப்புறம் எங்கள் வீட்டிலும் ஆறு மணி ஆயிற்று.